அறுபதில் பார்த்த இருநூற்று நாற்பது

மனிதர்கள் பொய் சொல்வதை அவன் அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. கண்ணாடிக் கடையின் பின்புறம், விளக்கை அணைத்தால் எழுத்துப் பலகை மட்டும் தெரிகிற சின்ன அறையில், பதினாறு வருடமாக அவன் கேட்டுவந்தது ஒரே கேள்விதான். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு கணம் தடுமாறுவார். பிறகு, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "இதுதான் சார்" என்பார்.

அதற்கு அவனிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பெட்டியிலிருந்து பவரே இல்லாத வெறும் கண்ணாடியை எடுத்துச் சட்டத்தில் செருகி, "இப்ப?" என்று கேட்பான்.

"ஆங், இப்ப பளிச்சுன்னு இருக்கு சார்!"

அவன் யாரையும் திருத்தியதில்லை. சரியான பவரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டில் முதலாளியிடம் சொல்வான். "இன்னிக்கு மூணு பேருக்கு வெறும் கண்ணாடியில பார்வை வந்துடுச்சு." முதலாளி சிரிப்பார். கடையில் எல்லோரும் அவனைக் கூப்பிடுவது 'பவர்' என்று. அந்தப் பெயரில் ஒரு கேலி இருந்தது. அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

முப்பத்தொன்பது வயதில் பவருக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, ஐந்து பேர் ஐந்து வீடுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். எதிர் அணியிலும் ஐந்து பேர். யார் கண்ணில் யார் முதலில் படுகிறார் என்பதுதான் மொத்த விளையாட்டும். அணித் தலைவர் வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் ஒட்டுகிறவர். முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏறவே யோசிப்பார். திரைக்குள் மட்டும் சுவர் ஏறிக் குதிப்பார். அவரை எல்லோரும் 'கேப்டன்' என்பார்கள். பவரின் மனைவியுடைய தம்பி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், அணியில் இருந்தான். இன்னும் இரண்டு பேர். ஆறாவது ஆளாக, யாராவது வராவிட்டால் இறங்குவதற்கு, ஒரு வங்கிக் காவலாளி. எப்போதும் கொட்டாவி விடுவதால் பெயரே 'கொட்டாவி' ஆகிவிட்டது.

வேலைக்குப் போகிறவர்களின் அணிகளுக்கென்று வருடம் ஒரு முறை போட்டி நடக்கும். இரண்டு வாரம் முன்பே ஐந்து பெயரும், மாற்றாளாக இன்னொரு பெயரும் கொடுக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் இருந்தபோது கேப்டன் பவரைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"பவரு, கோவிச்சுக்காத. நாலு வாரமா நீதான் முதல்ல சாகுற. மூலையில ஆள் வந்து, சுட்டு, டீ குடிச்சிட்டுப் போனப்புறம்தான் உனக்குத் தெரியுது."

"கேப்டன், அது..."

"இன்னும் ஆறு வாரம். தேறினா நீ. இல்லன்னா கொட்டாவிதான்."

கொட்டாவியா? வங்கி வாசலில் நின்றபடியே தூங்குகிறவனா? பவருக்கு நெஞ்சு எரிந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தப் போட்டிக்குப் போகும் ஐந்து பேரில் தானும் ஒருவன் என்பது அவன் வாழ்க்கையில் அவனாகச் சம்பாதித்த ஒரே அடையாளம். மற்றதெல்லாம் அவனுக்கு வாய்த்தவை. அதனால், தன் கண்ணும் கையும் மெதுவாகிவிட்டன என்ற எண்ணம் வாசல் வரை வந்தபோது அதை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினான். "என் ஸ்கிரீன் அறுபது கேப்டன். அறுபதுல என்ன தெரியும்?" என்றான்.

ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். அவனுடைய பழைய திரை அறுபது முறை வரையும். கேப்டனுடையது நூற்று நாற்பத்து நான்கு. கடைகளில் இருநூற்று நாற்பதும் அதற்கு மேலும் வந்துவிட்டன. ஆக, குற்றவாளி அகப்பட்டுவிட்டான். தோல்விக்குக் காரணம் தனக்குள் இல்லை, மேஜைமேல் இருக்கிறது, அதைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்பதைவிடப் பெரிய ஆறுதலை எந்த ஞானியும் மனிதனுக்குத் தந்ததில்லை.

அடுத்த இரண்டு வாரம் அவன் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் டாக்டராகவே ஆகியிருப்பான். எந்த வகைத் திரையில் நிறம் நன்றாக இருக்கும், எதில் ஓடுகிற உருவத்தின் பின்னால் வால்போல மங்கல் விழும், எது எத்தனை மில்லி செகண்டில் நிறம் மாறும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினான். சாப்பாட்டு வேளையில் முதலாளி அவனைக் கண்டதும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போகத் தொடங்கினார்.

வீட்டில் அவன் மனைவியால் அப்படி எழுந்துபோக முடியவில்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வந்து சோபாவில் காலை நீட்டுவாள். அவன் நோட்டோடு எதிரில் வந்து உட்காருவான்.

"ஏங்க, பஸ் முன்னாடி ஒருத்தன் வந்து குதிச்சாக்கூட எனக்கு இவ்வளவு வேகம் தேவைப்படல."

"உனக்குப் புரியாது. இது மில்லி செகண்டு விஷயம்."

"கேஸ் தீர்ந்துபோச்சுன்னு காலையில சொன்னேனே, அது உங்க காதுல விழ எத்தனை மில்லி செகண்டு ஆகும்?"

அவன் பக்கத்தைத் திருப்பினான்.

கணினிக் கடைக்காரர் அவசரமில்லாத மனிதர். இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே பந்தை ஓடவிட்டார். "எது ஸ்மூத்தா இருக்கு சார்?"

பதினாறு வருடமாகத் தான் கேட்ட கேள்வியை இன்னொருவர் தன்னிடம் கேட்கிறார் என்பது பவருக்கு உறைக்கவில்லை. ஒரு கணம் தடுமாறினான். "இடது பக்கம்" என்றான்.

"அது நூத்தி நாப்பத்தி நாலு. வலதுதான் இருநூத்தி நாப்பது. உங்களுக்கு இதுவே போதும்னு நினைக்கிறேன்."

"லைட்டு கிளாஸ்ல அடிச்சது. நான் சொல்ல வந்தது வலதுதான்."

"ஓ."

"வலதையே போடுங்க."

கடைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. பில் போடும்போது மட்டும், "வீட்டுல மாட்டினதும் சார், பெட்டியில இருக்கிற கேபிளையே போட்டு, செட்டிங்ல போய்..." என்று ஆரம்பித்தார்.

"நானே கண் தொழில்லதான் சார் இருக்கேன்" என்றான் பவர்.

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். வியாபாரத்தில் பழுத்தவர்களுக்கு எந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டும் என்பது தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, திரைக்குப் போகும் கேபிள் கண்ணில் படக்கூடாது என்று பவர் எலக்ட்ரீஷியனை விட்டுச் சுவரைக் கொத்தி அதை உள்ளே பதிக்கவைத்திருந்தான். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஒயர், கண்டுபிடிங்க பாப்போம்" என்பான். அந்தச் சுவரை இன்னொரு முறை கொத்த மனம் வருமா? பழைய கேபிளின் நுனி புதிய திரையில் அழகாகப் பொருந்தியது. பெட்டியோடு வந்த கேபிள், அதைச் சுற்றியிருந்த கம்பி முடிச்சுகூட அவிழாமல், பெட்டியோடு பரணுக்குப் போனது. செட்டிங் என்று கடைக்காரர் பாதியில் விட்டது எதுவென்று அவன் யோசிக்கவே இல்லை. திரை எரிந்தது. படம் வந்தது. அதற்கு மேல் என்ன?

அந்தத் திரை நொடிக்கு அறுபது முறைதான் வரைந்துகொண்டிருந்தது. பழைய கேபிளுக்கும் மாற்றாத செட்டிங்குக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் பவர் சுட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தான். கண் கலங்கிவிட்டது.

"எண்ணெய்ல வழுக்குற மாதிரி போகுது பாரு! வந்து பாரேன்!"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதே அம்புக்குறிதானே?"

"அய்யோ, உனக்குக் கண்ணு செக் பண்ணணும்."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரைச் சுட்டான். அதற்கடுத்த ஞாயிறு பதினான்கு. மூலையில் ஆள் வருவதற்கு முன்பே அவன் துப்பாக்கி அங்கே இருந்தது. "என்னடா சாப்பிடுற நீ?" என்று கேப்டன் ஹெட்போனில் கத்தினார். "இருநூத்தி நாப்பது கேப்டன்" என்றான் பவர். தன்னம்பிக்கை கையை நிதானப்படுத்தும், நிதானமான கை குறி தவறாது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் இப்படி எளிமையாக விளங்கிவிடும் எதையும் மனிதன் தன் வெற்றிக்குக் காரணமாக ஒப்புக்கொள்வதில்லை.

பிரசங்கம் தொடங்கியது. அறுபதில் ஆடுவது சாளரத்தைச் சாத்திக்கொண்டு வெளியே பார்ப்பது என்றான். நூற்று நாற்பத்து நான்கு என்பது முழுங்கவும் முடியாத துப்பவும் முடியாத நிலை என்று கேப்டனின் முகத்துக்கு நேராகவே சொன்னான். மச்சினன்தான் மசிந்தான். ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாக இருந்ததை ரத்துசெய்துவிட்டு, அந்தப் பணத்தில் அதே திரையை வாங்கினான். கடைக்காரர் சொன்னதை முழுவதும் கேட்டு, பெட்டியிலிருந்த கேபிளைப் போட்டு, செட்டிங்கையும் மாற்றினான். மூன்று நாள் ஆடிப் பார்த்தான். பெயர் கொடுப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொன்ன அளவுக்கு எனக்கு வழுக்கலையே."

"உன் கண்ணு இன்னும் பழகல மாப்ள. உக்காரு. நான் காட்டுறேன்."

மச்சினன் உட்கார்ந்து சுட்டியை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். புருவம் சுருங்கியது.

"இது திக்குதே மாமா."

"எது?"

"படம். விட்டு விட்டுப் போகுது." செட்டிங்கைத் திறந்தான். அதிலிருந்த எண்ணைப் பார்த்தான். பவரைப் பார்த்தான். "மாமா... இது அறுபதுல நிக்குது."

பவர் குனிந்து பார்த்தான். அறுபதுதான். கீழே விரித்தால் எழுபத்தைந்து வரை இருந்தது. அதற்கு மேல் பட்டியலிலேயே இல்லை.

"கேபிள் எது போட்டிருக்கீங்க?"

பவரின் கண் பரணுக்குப் போனது.

"ரெண்டு வாரமா இதுலயா பதினாலு பேரச் சுட்டீங்க? இதுலயா எண்ணெய் வழுக்குச்சு? உங்க பேச்சக் கேட்டு நான் டூர விட்டேன் மாமா!"

வெறும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிகிறது என்று சொன்ன முகங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றையாவது அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளும் நேர்மை அவனுக்கு இருந்திருக்கலாம். அவன் நினைத்துக்கொண்டது கொட்டாவியின் முகத்தை. நாளைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இது கேப்டனின் காதுக்குப் போனால் ஊர் சிரிக்கும்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றான். சிரிப்பைக்கூட வரவழைத்துக்கொண்டான். "யாருக்கும் சொல்ல வேணாம்னு இருந்தேன். ஓட்டப்பந்தயக்காரன் கால்ல மணல்மூட்டை கட்டிக்கிட்டுப் பழகுறதப் பாத்ததில்ல? அந்த மாதிரி. வேணும்னுதான் அறுபதுல வச்சுப் பழகுறேன். போட்டியன்னிக்கு மூட்டைய அவுத்துட்டா எப்படி இருக்கும்?"

கதவோரம் நின்ற அவன் மனைவி துணியை மடிப்பதை நிறுத்தினாள். பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிப்பவர்களை அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள்.

மச்சினன் மட்டும் நம்பினான். நம்பினால்தானே அவன் விட்ட டூருக்கும் ஒரு மரியாதை! அன்றிரவே கேப்டனுக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் மதியம் கேப்டனின் குரல் ஹெட்போனில் கணீரென்று வந்தது.

"பவரு, உனக்குள்ள இவ்வளவு விஷயமா! பேர் குடுத்தாச்சு, முதல் பேர் உன்னோடது. எல்லாரும் கேளுங்க. இன்னிலேருந்து போட்டி வரைக்கும் அத்தன பேரும் அறுபது. கொட்டாவி, நீயும்தான்."

"நான் எப்பவுமே அறுபதுதான் கேப்டன்" என்றான் கொட்டாவி, ஒரு கொட்டாவிக்கு நடுவில். "எங்கிட்ட வேற இல்ல."

எல்லோரும் இறக்கினார்கள். மச்சினன் பத்து நிமிடம் ஆடிவிட்டு, "ஆமா மாமா, கை கனக்குது. மூட்டை கட்டின மாதிரியே இருக்கு" என்றான் பக்தியோடு.

பவர் செய்தது வேறு. திங்கட்கிழமை பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். கம்பி முடிச்சை அவிழ்த்து, அந்தக் கேபிளைச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு மாட்டினான். செட்டிங்கில் இருநூற்று நாற்பது என்ற எண் முதல் முறையாக வந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சுட்டியை இழுத்தான்.

வித்தியாசம் இருந்தது. குருடனுக்கும் தெரிகிற வித்தியாசம். அதுவல்ல அவனை உறுத்தியது. இரண்டு வாரமாக அவன் அறுபதில் பார்த்த இருநூற்று நாற்பது இதைவிடச் சற்று நன்றாக இருந்தது. உண்மையான பொருள் எதிரில் வந்து நின்றபோது, இல்லாத பொருளுக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. வேறொருவனாக இருந்தால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, நான் பார்த்ததாகச் சொன்னதெல்லாம் என்ன, எதை வைத்து ஊருக்குக் கண் பார்க்கிறேன் என்று ஒரு மணி நேரமாவது யோசித்திருப்பான். பவர் இரண்டு நிமிடம் யோசித்தான். பிறகு விளையாட்டைத் திறந்தான். மற்றவர்கள் அறுபதில் திணறட்டும், தான் மட்டும் இருநூற்று நாற்பதில் பழகினால் போட்டியில் யார் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டான்.

"சுவத்துல என்ன தொங்குது?" என்றாள் மனைவி.

"கேபிள்."

"மூட்டைய அவுத்துட்டீங்களா?"

"மெதுவாப் பேசு. உன் தம்பிகிட்டச் சொல்லிடாத."

"தெரியாமப் போச்சுன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்லியிருந்தா அவன் சிரிச்சிட்டு டீ குடிச்சிட்டுப் போயிருப்பான். அதுக்கு இவ்வளவு வேலையா?"

"பேர் போயிருக்கும்."

"இப்ப மட்டும் என்ன, வந்துடுச்சா?"

இரண்டு வாரம் கழித்துப் போட்டி. வழக்கமான கூடத்தில் கூரை ஒழுகியதால் நடத்துகிறவர்கள் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கிற இடம். வரிசையாக இருந்த திரைகள் எல்லாமே பழைய அறுபது. மற்ற அணிகள் வாசலிலேயே புலம்பின. "இதுல எப்படி ஆடுறது? திக்கித் திக்கிச் சாவுது!"

கேப்டன் தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். முகம் பூரித்திருந்தது. இரண்டு வாரமாக அறுபதில் வெந்தவர்கள் அவர்கள். பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்தார்கள்.

பவருக்கு மட்டும் நாற்காலி முள்ளாகக் குத்தியது. சுட்டியைத் திருப்பினால் படம் தாமதமாக வந்தது. வந்தபோது எதிராளி வேறு இடத்தில் இருந்தான். முதல் சுற்றில் முதலில் செத்தவன் அவன். இரண்டாவதிலும். மூன்றாவதில் சுவரைச் சுட்டான். நான்கு பேராக ஆடியே அவர்கள் ஜெயித்தார்கள். இடைவேளையில் கேப்டன் அவன் தோளில் கை வைத்தார்.

"என்னடா, நீ சொல்லிக்குடுத்துத்தானே இவனுங்க பொளக்குறானுங்க. உனக்கு என்ன?"

மச்சினன் அந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பாட்டிலை மூடியபடி, பவருக்கு மட்டும் கேட்கும்படி, "சுவத்துல தொங்குறத அக்கா சொல்லிடுச்சு மாமா" என்றான். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

பவரின் முன்னால் இரண்டு வழி இருந்தது. நான் வீட்டில் இருநூற்று நாற்பதில் பழகிவிட்டேன், அதனால்தான் இங்கே தடுமாறுகிறேன் என்று சொல்லலாம். கேப்டன் திட்டுவார், ஆனால் ஆட்டக்காரன் என்று விட்டுவைப்பார். அல்லது வாயை மூடிக்கொள்ளலாம். மணல்மூட்டைப் பெருமை நிற்கும், நாற்காலி போகும். எதற்காக இந்த ஆறு வாரமும் அலைந்தானோ அந்த நாற்காலி ஒரு பக்கம். அதைக் காப்பாற்றச் சொன்ன பொய் இன்னொரு பக்கம்.

"வயசாயிடுச்சு போல கேப்டன்" என்றான். உண்மையாக இருந்த ஒன்றை அவன் சொன்ன ஒரே சமயம் அதுதான். அதையும் பொய்யாகத்தான் சொன்னான்.

கேப்டனுக்கு நெகிழ்ந்துவிட்டது. "அதெல்லாம் விடுறா. நீ யோசனை சொல்லலன்னா நாங்க இந்நேரம் பெட்டியக் கட்டியிருப்போம். இனிமே நீ ஆட வேணாம். கோச்சா இரு. கொட்டாவி, வா, உக்காரு."

கொட்டாவி வந்து உட்கார்ந்தான். வாயைப் பிளந்து ஒரு முறை காற்றை இழுத்துக்கொண்டு ஒன்பது பேரைச் சுட்டான். அணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அவர்கள் வரலாற்றில் அதுவே முதல் தடவை. பரிசு வாங்கும்போது எடுத்த படத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பொறுப்புள்ள முகத்தோடு நிற்பவன் பவர்.

இப்போதும் ஞாயிறு இரண்டு மணிக்கு அவன் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். ஆடுவதில்லை. மற்றவர்கள் ஆடுவதைத் தன் திரையில், நொடிக்கு இருநூற்று நாற்பது முறை, தெளிவாகப் பார்க்கிறான். மூச்சை அடக்கு, தோளை இறக்கு, கண்ணை நம்பாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். மணல்மூட்டை யோசனை தனக்கு எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளக்குகிறான். அதில் வருகிற காலை நேரம், மழை, தனிமை எல்லாம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகின்றன. அவன் அதை நம்பத் தொடங்கி வெகு நாளாகிறது.

கொட்டாவி மரியாதை தெரிந்தவன். ஆட்டம் தொடங்கும்போது, "வணக்கம் கோச்" என்பான். பிறகு தன் ஹெட்போனில் அந்த ஒரு குரலை மட்டும் மியூட் செய்துவிட்டு ஆடுவான். பவர் மாலை ஐந்து மணி வரை பேசுகிறான்.